ஒன்பதாம் நம்பர் மலை

பூமியை மேலேயிருந்து மட்டுமே பார்க்கும் மனித இனம் ஒன்று உண்டு. அதைப் பல்கலைக்கழகத்தில் வளர்க்கிறார்கள். புவியிடத் தகவல் படித்து, கணினியில் தரை மாதிரி செய்யக் கற்று, விடுமுறைக்கு வீடு திரும்பும்போது இவர்களை நீங்கள் சுலபமாக அடையாளம் காணலாம். முதுகில் மடிக்கணினிப் பை இருக்கும். காலடியில் நிலம் இருக்காது. அது திரையில் இருக்கும்.

இவர்களிடம் வழி கேட்டுப் பாருங்கள். பக்கத்து ஊர் ராசாவுக்கு எப்படிப் போவது என்றால், எந்த முச்சந்தியில் திரும்புவது என்று சொல்லமாட்டார்கள்; அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஆறு தசம இலக்கங்களோடு வந்து விழும். நாம் பிறந்ததிலிருந்து மேல் லயம் என்று அழைக்கும் வீட்டு வரிசையை, "கீழ் லயத்தவிட ரெண்டு மீட்டர் கீழதான் இருக்கு" என்று திருத்துவார்கள். சோற்றில் ரசம் ஊற்றினால் சும்மா சாப்பிடுவார்களா? எந்தப் பக்கம் வடியும் என்று கணித்து, அந்தப் பக்கம் சோற்றாலேயே கரை கட்டி, கரை உடைந்த காரணத்தையும் ஆராய்வார்கள். ரசம் ஆறிவிடும்.

எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது. என் தங்கை புனிதா. சுவா ஊருக்கு உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் செம்பனைத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பெண். நான் பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு நின்று, செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். அவள் படிப்பைப் பற்றி யார் கேட்டாலும் லோரியை நிறுத்தி விளக்குவேன். கேட்காவிட்டாலும் நிறுத்துவேன்.

தோட்டத்தில் மழைநீர் எந்த வழியாக ஓடும் என்பது அவளுடைய இறுதியாண்டு ஆய்வு. டிரோன் பறக்கவிட்டு ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு படங்கள் எடுத்தாள். நான் எண்ணினேன். மூன்றாம் நாள் திரையில் தோட்டம் வண்ண வண்ணமாக எழுந்து நின்றது. தோட்டத்தின் ஒன்பதாம் நம்பர் காட்டில், சிவப்பாக, ஒரு மலை.

"ஒன்பதாம் நம்பர்ல ஏது பாப்பா மலை? முழங்கால் சேறு லா அது. டிராக்டரையே முழுங்கின எடம்," என்றார் தோட்ட ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் மாயாண்டி.

"சுத்தியிருக்கிற தரையைவிடப் பன்னெண்டு மீட்டர் ஒசரம் மாமா. டேட்டா பொய் சொல்லாது."

"நான் முப்பது வருசமா அங்க நடக்கிறேன்!"

"நடந்தா தெரியாது மாமா. மெதுவா ஏறுது."

நீங்கள் யார் பக்கம் சாய்வீர்கள்? நாங்களும் பட்டப்படிப்பின் பக்கம்தான் சாய்ந்தோம். அங்கே கீரை பறிக்கப் போன அம்மா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து, "ஏத்தம் ஆளைக் கொல்லுது" என்றார். கோயில் தலைவர் சன்னாசி பாதி வழியில் நின்று மூச்சு வாங்கி, உச்சியில் காற்று அருமை என்று பாராட்டி, மலை என்று வந்தபிறகு முருகன் இல்லாமல் எப்படி என்று கேட்டு, அன்று மாலையே கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினார். நான்? லோரியை இரண்டாம் கியரில் ஏற்றினேன். இறங்கும்போது பிரேக் பிடித்தேன்.

அப்போதுதான் அவளுடைய ஆய்வைத் திருத்தும் விரிவுரையாளர் ஹேமநாதன் போன் செய்தார்.

"புனிதா, நீ அனுப்பின படத்துல இருக்கிற மலை வேற எந்த மேப்லயும் இல்லையேம்மா. சனிக்கிழமை நானே வந்து பாக்கிறேன். இருந்தா நல்லது. இல்லேன்னா இந்த வருசம் நீ முடிக்க முடியாது."

சனிக்கிழமை வரை அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ரசத்துக்குக் கரைகூடக் கட்டவில்லை.

வந்தார். முந்தின நாள் மழை. ஒன்பதாம் நம்பரில் அவருடைய காலணிக்குள் தண்ணீர் ஏறியது.

"மலை எங்கம்மா?"

"உச்சியிலதான் சார் நிக்கிறோம்," என்றாள் புனிதா, முழங்காலளவு சேற்றில் நின்றபடி.

"பாப்பா, உச்சியில தவளை கத்துது," என்றார் மாயாண்டி.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. விரிவுரையாளர் உயரம் அளக்கும் கருவியை அவள் கையில் கொடுத்தார். கருவி வெகுநேரம் யோசித்துவிட்டு, கடல்மட்டத்திலிருந்து ஏழு மீட்டர் என்றது. மடிக்கணினி பத்தொன்பது என்றது.

இந்த இனத்தின் உண்மையான வேதனையை அன்றுதான் பார்த்தேன். சேறு சொன்னதை நம்பாதவள், தவளை சொன்னதை நம்பாதவள், மாயாண்டியின் முப்பது வருடத்தை நம்பாதவள். இப்போது ஒரு கருவியே இன்னொரு கருவியை மறுக்கிறது! எதை நம்புவாள் பாவம்? கருவியைக் குலுக்கினாள். மடிக்கணினியைத் தட்டினாள். இரண்டும் தங்கள் கட்சியை விட்டுக்கொடுக்கவில்லை. அழுகை வருகிற முகத்தோடு அண்ணாந்து பார்த்தாள். அப்படியே நின்றாள்.

"சார்... ஓலை!"

எங்கள் தலைக்கு மேலே, முப்பது வயதுச் செம்பனைகள் ஓலையோடு ஓலை முட்டி வானத்தை மூடியிருந்தன. மற்ற காடுகளில் மரங்கள் இளசு, நடுவே தரை தெரியும். மரங்களைக் கழித்துவிட்டுத் தரையைக் காட்டு என்று அவள் கணினியிடம் சொல்லித்தான் இருந்தாள். இங்கே படத்தில் தரையே தெரியாததால், அது ஓலைப் பரப்பையே தரையாக எடுத்துக்கொண்டது. நாங்கள் மூச்சு வாங்க ஏறியது மரங்களின் தலைமேல்.

"ரெண்டு வாரம் தர்றேன். தரையில அளந்துட்டு வா," என்றார் விரிவுரையாளர்.

அளந்தோம். நான் கோலைப் பிடிக்க, அவள் குறிக்க, இருநூற்றுப் பதினான்கு இடங்கள். முப்பத்தோரு அட்டைக்கடி, அதையும் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். தேறிவிட்டாள். ஆய்வேட்டின் நன்றியுரையில் என் பெயர் இருக்கிறது. பிழையில்லாமல்.

இந்த இனம் பல்கலைக்கழகத்தோடு முடிந்துவிட்டது என்று நீங்கள் நிம்மதியாகச் சிரிக்கலாம். ஆனால் போன பள்ளி விடுமுறையில் சி ரூசா கடற்கரைப் பக்கம் காரில் போனீர்களே, நினைவிருக்கிறதா? எதிரே கடல். அலை தெரிகிறது, குளிக்கிற பிள்ளைகள் தெரிகிறார்கள், பொரித்த வாழைப்பழ வாசனைகூட வருகிறது. கைப்பேசிக்குள் இருந்து வழி சொல்லும் பெண் "நேராகச் செல்லவும்" என்கிறாள். பிரேக் போட்டீர்கள், மறுக்கவில்லை. ஆனால் போடுவதற்கு முன்னால், அவளே மனம் மாறித் திரும்பச் சொல்கிறாளா என்று ஒரு நொடி காத்திருந்தீர்களா, இல்லையா?