எழுத்துப்பிழை திருத்தம்

ஆபீஸ் விஷயத்தை இனி வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை என்று ஒருநாள் முடிவெடுத்தேன். நல்ல முடிவுதான். ஆனால் நான் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆபீஸ் எனக்கு முன்னால் போய்க் கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றிப் போட்டு, "கைகால் கழுவிட்டு வாங்க" என்றது.

என் மனைவியும் நானும் ஒரே கம்பெனி. நான் மூன்றாம் மாடி. அவள் இரண்டாம் மாடி. நான் அவளுக்கு மேலே இருப்பது அந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான்.

என் வேலை டிரைவர் எழுதுவது. கல்யாணத்துக்கு முன்பு இதைக் கேட்டு என் மாமனார் கலங்கிப்போனார். "டிரைவருக்கா பொண்ணைக் குடுக்கறோம்?" வண்டி ஓட்டுகிற டிரைவர் இல்லை, கம்ப்யூட்டருக்குள் படம் காட்டுகிற ஒரு சிப் இருக்கிறது, அதை மேய்க்கிற புரோகிராமுக்குப் பெயர் டிரைவர் என்று என் வீட்டார் பொறுமையாக விளக்கினார்கள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப வண்டியும் ஓட்டத் தெரியாதா?" என்றார். தெரியாது. அது இப்போது பேச்சில்லை.

அவள் வேலை டெஸ்டிங். நாங்கள் எழுதுவதில் குறை கண்டுபிடிப்பது. ஆபீசில் அதற்குச் சம்பளம் உண்டு. வீட்டில் சேவை.

புது லேப்டாப் வெளிவர இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அப்போதுதான் அவள் அந்தப் புகாரைப் பதிவு செய்தாள். மூடியைச் சாத்தி, ஒரு விநாடிக்குள் மறுபடி திறந்தால், திரை முழுக்கப் பச்சைக் கோடு. அப்புறம் எந்தப் பட்டனைத் தட்டினாலும் அசையாது. இருபது முறைக்கு ஒரு முறை.

என் மேஜையில் அறுபது முறை சாத்தித் திறந்து பார்த்தேன். வரவில்லை. 'என்னிடம் வரவில்லை' என்று எழுதிப் புகாரை மூடினேன். அவள் திறந்தாள். நான் மூடினேன். அவள் திறந்தாள். சாயங்காலம் துணி துவைக்கும் மிஷின் பக்கத்தில் விசாரணை தொடர்ந்தது.

"வரலைன்னா என்ன அர்த்தம்?"

"வரலைன்னு அர்த்தம்."

"என் மேஜையில வருதே."

"அப்ப மேஜையை மாத்து."

"கடைக்குப் போனாலும் நீங்க இப்படித்தான். 'கேட்டேன், இல்லைங்கறான்'. நான் போனா கண்ணு முன்னாடி அடுக்கி வெச்சிருக்கான்."

"ஆதாரம் இருந்தா காட்டு."

அங்கேதான் அவளுக்கு இடித்தது. சிப்புக்குள் என்ன நடக்கிறது என்று வரிக்கு வரி குறிப்பெடுக்க ஒரு வசதி உண்டு. அதை ஓடவிட்டால் கோளாறு வருவதே இல்லை. நிறுத்தினால் வருகிறது. ஆள் பார்க்கும்போது அடக்கமாக இருந்துவிட்டு, தலை திரும்பியதும் வேலையைக் காட்டுவது கணவன்மார்களின் குணம் என்று மட்டுமே நினைத்திருந்தேன். சிப்புக்கும் இருக்கிறது.

அதே வாரம் டீம் லீட் பதவி காலியானது. இரண்டு மாடிக்கும் சேர்த்து ஒரே பதவி. நானும் விண்ணப்பித்தேன். அவளும் விண்ணப்பித்தாள். வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை. எங்கள் நடுவில் தலையைக் கொடுக்க யாருக்கும் தைரியம் இல்லை.

புகார் வந்த ஆறாம் நாள், என் லேப்டாப்பை ஒரு கூட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மேஜையில் அதோடு எப்போதும் ஒரு பெரிய திரை இணைந்திருக்கும். அதைக் கழற்றிவிட்டுப் போனேன். கூட்டத்தில் சலிப்பாக இருந்ததால் மூடியைச் சாத்தினேன். யாரோ என் பெயரைச் சொன்னார்கள். திறந்தேன்.

பச்சைக் கோடு.

காரணம் உடனே புரிந்தது. மூடியைச் சாத்தினாலும், பெரிய திரை இணைந்திருக்கும்வரை சிப் முழுசாகத் தூங்குவதில்லை. அதனால்தான் என் மேஜையில் வரவில்லை. அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அதைவிட மோசம், கோளாறு இருந்த வரிகளை எழுதியவனே நான்தான். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இரண்டு வருஷத்துக்கு முன் எழுதி, அதற்காக ஆபீசில் ஒரு பரிசுக் கோப்பையும் வாங்கினேன். சிப்பைத் தூங்கச் சொல்லியிருந்தேன். தூங்கியதா என்று பார்க்கச் சொல்லவில்லை.

முறையாகச் சரிசெய்ய இரண்டு வாரம் பிடிக்கும். அதற்குமுன் அவள் எதிரில் நின்று, "நீ சொன்னது சரி" என்று சொல்லவேண்டும். இரண்டு வாரத்தையாவது சமாளித்துவிடலாம்.

வேறு வழி யோசித்தேன். குறிப்பெடுக்கும்போது கோளாறு ஏன் வரவில்லை? குறிப்பெடுக்கிற நேரத்துக்கு டிரைவர் கொஞ்சம் தாமதமாகிறது. அந்த அவகாசத்தில் சிப் தூங்கிமுடித்துவிடுகிறது. ஆக, தாமதம்தான் மருந்து. நாற்பது மில்லிசெகண்ட் சும்மா நிற்கும்படி ஒரே ஒரு வரி சேர்த்தேன். ஒரு விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. யாருக்கும் தெரியாது. என்ன மாற்றம் என்று கேட்கும் கட்டத்தில் 'எழுத்துப்பிழை திருத்தம்' என்று எழுதினேன். பார்த்து ஒப்புதல் தரவேண்டிய பக்கத்து நாற்காலிக்காரர், எழுத்துப்பிழைதானே என்று உள்ளே பார்க்காமலே ஒப்புதல் தந்தார்.

பிறகு அவள் புகாரை மறுபடி மூடினேன். 'என்னிடம் வரவில்லை.' இனி அவளிடமும் வராது.

மறுநாள் அவள் இருநூறு முறை மூடியைச் சாத்தித் திறந்தாளாம். இரண்டாம் மாடியில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ஒருமுறைகூட வரவில்லை. வீட்டுக்கு வந்தவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நான்தான் தப்பாப் பார்த்துட்டேன் போல."

இந்த வாக்கியத்துக்காக ஒன்பது வருஷம் காத்திருந்தவன் நான். சொல்லச்சொல்லி மறுபடி கேட்கலாமா என்றுகூட ஆசை வந்தது. ஆனால் ஜெயித்தவனுக்குப் பெருந்தன்மை அழகு.

"களைப்பா இருந்திருப்பே. விடு. எல்லாருக்கும் நடக்கறதுதான்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"விண்ணப்பத்தையும் திரும்ப வாங்கிக்கலாமான்னு பார்க்கிறேன். இல்லாத கோளாறைச் சொன்னவ எப்படி லீட் ஆக முடியும்?"

"அதெல்லாம் உன் இஷ்டம்" என்றேன். நெஞ்சில் எங்கோ சுருக்கென்றது. ஆனாலும் நன்றாகப் பசித்தது, வயிறாரச் சாப்பிட்டேன். இதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கட்டில் நிறையக் காய்ந்த துணி. அவள் மடித்துக்கொண்டிருந்தாள். நான் மடிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

"என்னங்க, ஒண்ணு கேட்டா சிரிக்கக் கூடாது. அந்தச் சிப் எப்படித்தாங்க தூங்குது?"

ஒன்பது வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவள் கேட்ட முதல் பணிவான கேள்வி. மனசெல்லாம் குளிர்ந்துபோனது.

"தூங்குன்னா உடனே தூங்கிடாது. வீட்டுல நீ ஒவ்வொரு அறையா விளக்கை அணைச்சுட்டு வர்றே இல்லையா, அந்த மாதிரி. அணைச்சு முடிக்கிறதுக்குள்ள 'எழுந்திரு'ன்னு குரல் வந்தா, முதல் அறையில விளக்கைப் போட ஓடும். கடைசி அறையில இன்னும் அணைஞ்சுக்கிட்டே இருக்கும். குழம்பி விழுந்துடும்."

"அடப் பாவமே. அதுக்கு என்னதான் வழி?"

"அணைச்சு முடிக்கிற வரைக்கும் நிக்கணும். ஒரு நாப்பது மில்லிசெகண்ட் நின்னா போதும்."

"நாப்பதா? முப்பது நின்னா?"

"முப்பதுல சில சமயம் விழுது."

அவள் ஒரு தலையணை உறையை மெதுவாக நான்காக மடித்தாள்.

"நாப்பதுன்னா எப்பவுமே சரியா இருக்குமா?"

"பேட்டரி அஞ்சு சதவீதத்துக்குக் கீழ போனா சிப் இன்னும் மெதுவாத்தான் அணைக்கும். அப்ப நாப்பது பத்தாது. ஆனா அந்த நேரத்துல எவன் மூடியைச் சாத்தி விளையாடப்போறான்?"

"அதானே" என்றாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல்கூட மழை பெய்தால்தான் வாயைத் திறக்கும். எனக்கு ஒரு "எப்படித்தாங்க" போதுமானதாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குக் கூட்டம். எங்கள் மேலாளர் எதற்கும் "ம்ம்" என்பதற்கு மேல் பேசமாட்டார். அவருக்குப் பட்டப்பெயரும் அதுதான். லேப்டாப் வெளிவரத் தயாரா, லீட் யார், இரண்டையும் அன்று முடிவு செய்யவேண்டும். நான் எழுந்து நின்று, டிரைவரில் கோளாறு எதுவும் பாக்கி இல்லை என்று அறிவித்தேன். கொஞ்சம் அதிகமாகவே அறிவித்தேன். வந்த புகார் ஒன்றும் சரிபார்த்ததில் பொய்யானது, அதற்காக யாரையும் குறைசொல்ல வேண்டாம் என்றேன்.

"ம்ம்" என்றார் ம்ம்.

அவள் ஒரு லேப்டாப்பை மேஜையின் நடுவில் வைத்தாள். வேறு எந்தத் திரையும் அதில் இணைந்திருக்கவில்லை. மூலையில் பேட்டரி நான்கு சதவீதம் என்று சிவப்பாக இருந்தது. அவள் மூடியைச் சாத்தினாள். திறந்தாள். ஒன்றும் இல்லை. சாத்தினாள். திறந்தாள். மூன்றாம் முறை அறைச் சுவரெல்லாம் பச்சை அடித்தது.

அவள் மடியில் ஒரு தாள் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி லேசாகச் சாய்த்தாள். 'எழுத்துப்பிழை திருத்தம்.' கீழே என் பெயர், தேதி. இரண்டுக்கும் அடியில் சிவப்புக் கோடு. அந்தத் தாளை மேஜைமேல் வைத்தால் எனக்கு லீட் பதவி மட்டுமா, நாற்காலியே மிஞ்சாது.

அவள் அதை மேஜைமேல் வைக்கவில்லை. மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு பேசினாள்.

"சார், இதோட காரணத்தைக் கண்டுபிடிச்சதே இவர்தான். ஞாயித்துக்கிழமைகூட உட்கார்ந்து எனக்கு எல்லாத்தையும் விளக்கினார். இப்போதைக்கு நாப்பது மில்லிசெகண்ட் ஒட்டுப் போட்டிருக்கார், அந்தத் தெம்புலதான் பாக்கி இல்லைன்னுட்டார். பேட்டரி குறைஞ்சா அது தாங்காதுன்னும் அவரே சொன்னார். முழுசா சரிபண்ண ரெண்டு வாரம் ஆகும். அதுல முழுக் கவனமா இறங்கணும்னு அவருக்கு ஆசை. அதனால லீட் பொறுப்பு வேண்டாம்னு விலகிக்கிறார். அப்படித்தானேங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவள் கை கைப்பையின் ஜிப்பின்மேல் இருந்தது.

"அப்படித்தான்" என்றேன்.

"ம்ம்" என்றார் ம்ம். பிறகு, நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த பிறகு முதன்முறையாக, ஒரு முழு வாக்கியம் பேசினார். "இந்த மாதிரி புரிஞ்சு நடந்துக்கிற தம்பதி கிடைக்கிறது கஷ்டம்."

லீட் பதவி அவளுக்கு என்று முடிவானது. கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் தனியாகத் தெரியும்.

வீட்டுக்கு வந்து அவள் மதியச் சாப்பாட்டு டப்பாக்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று சமையலறை வாசலில் நின்றேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பதிலுக்குச் சொல்லி மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். அவள் அந்த வசதியைக்கூடத் தரவில்லை.

"எப்போ கண்டுபிடிச்சே? நாப்பதுன்னு உளறினேனே, அப்பவா?"

"இல்ல. அது எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்."

"அப்ப அதுக்கு முன்னாடியே அந்தத் தாளைப் பார்த்துட்டியா?"

"தேடணும்னு தோணினதுக்கு அப்புறம்தானே பார்க்கறது?"

"எப்போ தோணுச்சு?"

குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"களைப்பா இருந்திருப்பே, விடுன்னு சொன்னீங்களே, அன்னிக்கு. கல்யாணமாகி ஒன்பது வருஷத்துல நீங்க எனக்கு ஆறுதல் சொன்னது அதுதான் முதல் தடவை. ஏதோ பெருசா பண்ணிட்டு வந்திருக்கீங்கன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு டப்பாக்களைக் கவிழ்த்து வைத்தாள். அவள் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் ஆறவில்லை.

அப்படியெல்லாம் இல்லை என்று மறுக்க வாயெடுத்தேன். மறுப்பதென்றால் அதற்குமுன் ஆறுதல் சொன்ன ஒரு நாளையாவது எடுத்துக் காட்டவேண்டும். நிதானமாக யோசித்தால் ஒன்றாவது அகப்படும் என்று இரண்டு நாள் லீவு கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

லீட் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.