பத்தொன்பது நாள் மிச்சம்

மதிப்பிற்குரிய அத்தானுக்கு, உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கேயும் எல்லோரும் சுகம் என்று அடுத்த வரியில் எழுத வேண்டும். எழுதி, அடித்து, வேறு தாள் எடுத்து மறுபடி எழுதி, மறுபடியும் அடித்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போன வாரம் போனில், பத்து நாள் லீவு கிடைக்கப்போகிறது, குடும்பத்தோடு வந்து தங்குகிறோம், மாடி அறையைச் சுத்தம் பண்ணி வையுங்கள் என்று அமர்க்களமாகச் சொன்னேன் அல்லவா? அது லீவு இல்லை அத்தான். இதைப் போனில் சொன்னால் நடுவில் அக்கா பிடுங்கிப் பேசுவாள். அதனால்தான் கடிதம்.

முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் வடக்குப் பட்டறையில் ஆஸ்பத்திரிக் கட்டில் செய்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். இருபத்தேழு வருஷமாகத் திட்டம் என்றால் எனக்குக் கரும்பலகைதான். யார் குழாய் வளைப்பது, யார் வெல்டிங், யார் பெயின்ட் என்று காலையில் சாக்பீஸால் எழுதிவிட்டால் சாயங்காலம் கட்டில் நான்கு காலில் நிற்கும். மூன்று மாதத்துக்கு முன்னால் மேனேஜர் கூப்பிட்டு, இனிமேல் எல்லாம் கம்ப்யூட்டரில்தான், திட்ட மேலாண்மை சாஃப்ட்வேர் வாங்கியாகிவிட்டது, எல்லாப் பட்டறை மேஸ்திரிகளும் ஆறு வாரம் வகுப்புக்குப் போய்ப் பாஸ் பண்ண வேண்டும், பண்ணாதவர்களைப் பற்றிப் பிறகு யோசிப்போம் என்றார். அவர் சொன்ன விதத்தைப் பார்த்தால் ஏற்கெனவே யோசித்து முடித்துவிட்ட மாதிரிதான் இருந்தது.

வகுப்பெடுத்த அம்மா கெட்டிக்காரர், சிரிப்பதில்லை என்பதைத் தவிர குறை சொல்ல முடியாது. முதல் நாளே என்னை எழுப்பி, புராஜெக்ட் என்றால் என்ன என்று கேட்டார். வேலை என்றேன். இல்லையாம். வேலை தினமும் நடப்பது, புராஜெக்ட்டுக்கு ஆரம்பம் என்று ஒன்று உண்டு, முடிவு என்று ஒன்று உண்டு, முடிந்ததும் எல்லோரும் கலைந்துவிட வேண்டும் என்றார். அப்படியென்றால் நான் இருபத்தேழு வருஷமாகச் செய்வது முடிவே இல்லாத ஒன்று என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அதுவும் தப்பு என்று இப்போது தெரிகிறது. அந்த சாஃப்ட்வேரை யாரோ புண்ணியவான் தமிழில் மாற்றி வைத்திருக்கிறார், எனக்குச் சௌகரியம் என்று மேனேஜர் அதையே வாங்கிக் கொடுத்தார். அதில் மனிதர்களுக்கு வளம் என்று பெயர். ஐம்பத்து நான்கு வயதில் என்னை ஒருத்தர் வளம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை, கொஞ்சம் குளிர்ந்துதான் போனேன்.

இரண்டாவது வாரம் முன்னோடி என்று ஒரு கட்டம் வந்தது. இந்த வேலை தொடங்குவதற்கு முன்னால் எந்த வேலை முடிந்திருக்க வேண்டுமோ, அந்த வேலையின் எண்ணை அங்கே போட வேண்டும். எனக்கு அது எப்படித் தெரியும்? முன்னோடி என்றால் எனக்கு முன்னால் இந்தப் பட்டறையை நடத்தியவர்தானே என்று, காலமாகிப்போன எங்கள் பழைய மேஸ்திரியின் பெயரை முப்பத்தெட்டு வரியிலும் பக்தியோடு அடித்து வைத்தேன். அந்தப் பெயரில் வேலை ஏதும் இல்லை, புதிதாக உருவாக்கவா என்று அது கேட்டது. மரியாதைக்கு ஆமாம் என்று அமுக்கினேன். மறுநாள் அந்த அம்மா என் திட்டத்தைச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டி, எல்லா வேலையும் இவருக்காகக் காத்திருக்கிறதே, இவர் எப்போது முடிவார் என்று கேட்டார். அவர் முடிந்து ஆறு வருஷம் ஆகிறது என்றேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோற்றுப்போய் வீட்டுக்குப் போவதுதான் கண்ணில் நின்றது.

வீட்டில் பழகிப் பாருங்கள் என்றார்கள். சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, அதையே புராஜெக்ட் ஆக்கினேன். பதினான்கு வரி. தண்ணீரை மூடுவது என் மனைவிக்கு, அதாவது உங்கள் தங்கைக்கு, மற்றதெல்லாம் எனக்கு. அவளுக்கு மூன்று தரம் செய்தி போனது, உங்கள் பணி தாமதம், தாமதம் என்று. கோபத்தில் போய் மெயின் வால்வை மூடிவிட்டாள். அடுத்த வரி வாஷர் வாங்குவது. அது என் பெயரில் இருந்தது, நானோ திட்டத்தைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாள் வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கடைசியில் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்று, “ஒரு வாஷர் போடப் பதினாலு கட்டமா? எனக்கு ஒரே கட்டம்தான். பிளம்பரைக் கூப்பிடறது” என்றாள். கூப்பிட்டாள். கால் மணி நேரத்தில் முடிந்தது.

ஆனாலும் விடாப்பிடியாகப் படித்தேன் அத்தான். நாலாவது வாரம் மண்டைக்குள் ஏதோ திறந்துகொண்டது. ஒரு திட்டத்தில் எத்தனை வேலை இருந்தாலும், கடைசித் தேதியைப் பிடித்து வைத்திருப்பது ஒரே ஒரு சங்கிலிதான், அதற்கு கிரிட்டிகல் பாத் என்று பெயர், அதைச் சுருக்கினால்தான் நாள் குறையும், மற்றதைச் சுருக்கி ஒரு புண்ணியமும் இல்லை. இது எனக்குக் கரும்பலகையிலேயே தெரிந்த விஷயம், பெயர்தான் தெரியாது. பரீட்சையில் ஒன்பது மேஸ்திரிகளில் நான் இரண்டாவது. அந்த அம்மாவே ஒரு தரம் சிரித்தார்.

அதற்குப் பிறகுதான் நிஜத் திட்டம் கொடுத்தார்கள். பெயர் ‘வடக்குப் பட்டறை மாற்றம்’. இருக்கிற ஆர்டரை முடிப்பது, மிஷின்களைக் கழற்றுவது, லாரியில் ஏற்றுவது, கட்டடத்தை ஒப்படைப்பது. புது இடத்துக்குப் போகிறோம் என்று நினைத்தேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டேன். மொத்தம் அறுபத்து நான்கு நாள். கடைசி வரியை மேனேஜரே போட்டிருந்தார்: ‘வளம் விடுவிப்பு, பன்னிரண்டு’. பட்டறையில் பதினோரு பேர், என்னோடு பன்னிரண்டு. இவ்வளவு பாடுபட்டு மூட்டை கட்டிய பிறகு புது இடம் தயாராகும்வரை எங்களை லீவில் விடுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். விடுவிப்பு என்றால் வேறென்ன அர்த்தம் தோன்றும்? தேதி தெரிந்ததும் பையன்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். லீவு எடுத்து வருஷக்கணக்கான ஆட்கள். வெல்டர் அன்றைக்கே மனைவியின் ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டான். அவர்கள் முகத்தைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியாமல், லீவை இன்னும் சீக்கிரம் வாங்கித் தருகிறேன் பார் என்று உட்கார்ந்தேன். கடைசி ஆர்டர் பெயின்டில் இருக்கும்போதே வளைக்கும் மிஷினைக் கழற்றலாம், பேக்கிங் ஆட்கள் சும்மா நிற்காமல் அலமாரிகளைப் பிரிக்கலாம் என்று ஒவ்வொன்றாக நகர்த்தி, அறுபத்து நான்கை நாற்பத்தைந்து ஆக்கினேன். மீட்டிங்கில் பெரியவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். பத்தொன்பது நாள் மிச்சம் என்று பலகையில் எழுதி, பக்கத்தில் என் பெயரைப் போட்டார்கள்.

பெயின்டர் எதையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்கிற ஆள். லீவு தேதியைத் தாளில் வாங்கி வர ஆபீசுக்குப் போனார். அங்கே கிளார்க் அவரை உட்காரச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். எங்கள் ஆபீசில் உட்காரச் சொன்னாலே பயப்பட வேண்டும். திரும்பி வந்தவர் மற்றவர்கள் காதில் விழாத மாதிரி என் பக்கத்தில் நின்று, “லீவு இல்ல மேஸ்திரி. வேலைய விட்டு அனுப்பறாங்க. நம்ம பன்னெண்டு பேரையும்” என்றார். போகத் திரும்பியவர் நின்று, “பத்தொம்போது நாள் முன்னாடியே” என்றார்.

மேனேஜரிடம் ஓடினேன். அவர் கத்தியிருந்தால் தேவலை. வடக்குப் பட்டறையை மூடுவது போன வருஷமே முடிவானது, உங்களுக்குத் தெரியும் என்றல்லவா நினைத்தோம், இவ்வளவு ஆர்வமாகச் செய்தீர்களே என்றார். திரும்பி வந்து கம்ப்யூட்டரைத் திறந்து, அந்தப் பத்தொன்பது நாளைத் திருப்பி வைக்கப் பார்த்தேன். திட்டம் ஒப்புதல் பெற்றது, பார்வையிட மட்டும் என்றது. புத்தி கெட்டுப்போய், பழைய மேஸ்திரியின் பெயரை மறுபடி முன்னோடிக் கட்டத்தில் அடித்துப் பார்த்தேன். அவருக்காக எல்லா வேலையும் காத்துக்கொண்டே இருந்தால் கடைசி வரி வராதே. அதற்கும் அனுமதி இல்லை.

மறுநாள் காலை பதினோரு பேரையும் நிற்க வைத்து உண்மையைச் சொன்னேன். அடிப்பார்கள் என்று நினைத்தேன், அடித்திருக்கலாம். வெல்டர் தரையைப் பார்த்துக்கொண்டே, “நீங்க வேணும்னா செஞ்சீங்க? விடுங்க” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். மற்றவர்களும் போனார்கள். அன்றைய வேலை அன்றைக்கே முடிந்தது, என் திரையில் அந்த வரி பச்சையாக மாறியது. அதைப் பார்த்து உட்கார்ந்து அழுதேன் அத்தான்.

ஆகவே உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊரில் பட்டறை வைத்திருக்கிறவர்கள் நாலைந்து பேர் உங்களுக்குப் பழக்கம் என்பீர்கள். முதலில் வெல்டருக்குப் பாருங்கள், குழந்தைகள் சின்னது. அடுத்தது பெயின்டர், மூச்சிரைப்பு உண்டு, ஆனால் கை சுத்தம். மற்றவர்கள் பெயரும் வேலையும், அடியில் என் பெயரும், தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். எனக்குக் கடைசியில் பார்த்தால் போதும், பார்க்காவிட்டாலும் போதும். அவர்கள் வெளியேறுகிற அதே நாளில், அதே வாசல் வழியாக, கடைசி ஆளாக நானும் வெளியேறுவேன். இந்தக் கம்பெனியே காலில் விழுந்தாலும் இனி அந்த சாஃப்ட்வேரைத் தொடமாட்டேன். இது பிள்ளைகள் மேல் சத்தியம்.

அக்காவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பெரியவளுக்கும் சின்னவனுக்கும் என் ஆசிகள். எல்லோரும் நோய்நொடி இல்லாமல், செய்கிற வேலை கைவிட்டுப் போகாமல், நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் தங்கள் அன்புக்குப் பாத்திரமான
மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மேனேஜர் வீட்டுக்கே வந்துவிட்டார். என்னை மட்டும் வைத்துக்கொள்கிறார்களாம். அடுத்தது கிழக்குப் பட்டறையாம், திட்டம் போட என்னை விட்டால் ஆள் இல்லையாம். உங்கள் தங்கை கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்று சொல்லிவிட்டேன். மேலே எழுதியதைக் கிழித்துப் போட மனம் வரவில்லை, எழுதும்போது அத்தனையும் நிஜம். தனித்தாளில் என் பெயரை மட்டும் அடித்துவிடுங்கள். கிழக்கில் பதினாறு பேர் இருக்கிறார்கள். அறுபது நாள் என்று போட்டுக் கொடுத்திருக்கிறார், அத்தனை தேவையில்லை, நாற்பத்திரண்டே போதும்.