மின்விசிறியைத் திரும்ப மாட்டும் விஷயமாக

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் அவர்களுக்கு, அத்தான் எழுதுவது.

நலம். அங்கே நீங்களும் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். ‘நலம்’ என்று எழுதியது வழக்கத்துக்காக. அதை அடித்துவிட்டு வேறு வார்த்தை போடலாமா என்று கால் மணி நேரம் யோசித்தேன். கடிதம் அடித்தலோடு ஆரம்பித்தால் நீங்கள் பயந்துவிடுவீர்கள் என்று அப்படியே விட்டிருக்கிறேன்.

போன வியாழக்கிழமை என் வீட்டு மின்விசிறிகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கூடத்தில் ஒன்று, அறையில் ஒன்று, ஆக இரண்டு. அவற்றைத் திரும்ப மாட்டச் சொல்லி என் மகளிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் சொன்னால் அழுகிறாள். தாய்மாமன் சொன்னால் தட்ட மாட்டாள்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் அக்கா போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. மகள் தினமும் காலையில் போன் செய்கிறாள். ஒரு நாள் அவள், “அப்பா, சாப்பிட்டீங்களான்னு கேட்டா சாப்பிட்டிருப்பேன்னு சொல்றீங்க. யாரோ மூணாவது மனுஷனைப் பத்திச் சொல்ற மாதிரி இருக்கு” என்றாள். அவள் சொன்னது சரிதான், ஆனால் அது வியாதி என்று எனக்குத் தெரியாது. அவளே ஒரு மனநல மருத்துவரை இணையத்தில் பிடித்து, நேரம் வாங்கி, எனக்கு ஒரு கேள்வித்தாளும் அனுப்பிவைத்தாள். மனச்சோர்வு இருக்கிறதா, பதற்றம் இருக்கிறதா, கடந்த இரண்டு வாரங்களில் சில நாட்களா, பாதிக்கு மேலா, ஏறக்குறைய தினமுமா என்று கேட்டிருந்தார்கள். முப்பத்துநாலு வருடம் பேருந்துகளுக்குக் கால அட்டவணை போட்டவன் நான். ‘சில’ என்று எப்படி எழுதுவேன்? தேதி போட்டு நோட்டுப் புத்தகம் வைத்து இரண்டு வாரம் கணக்கெடுத்துப் பூர்த்தி செய்தேன். அதற்குள் நேரம் வாங்கிய தேதி தாண்டிவிட்டது. மறுபடி வாங்கினாள்.

கூடவே ஒரு வழிமுறைக் குறிப்பும் வந்திருந்தது. ‘கருவியை அசையாத சமதளத்தில் வைக்கவும்’ என்று அதில் இருந்தது. எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையை விடச் சமமான தளம் கிடையாது. அதன் நடுவில் போனை மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மருத்துவர் இளம் வயதுப் பெண், பேச்சில் அவ்வளவு மரியாதை. “ஐயா, உங்க முகம் தெரியலையே, ஃபேன் மட்டும்தான் தெரியுது” என்றார். என் முகத்தைப் பார்த்து அவருக்கு என்ன ஆகப்போகிறது என்று, “பரவாயில்லை டாக்டர், உங்க குரல் நல்லா கேக்குது” என்றேன்.

அவரும் எத்தனை முறைதான் சொல்வார்? கேள்விக்கு வந்துவிட்டார். “காலைல எழுந்ததும் என்ன பண்ணுவீங்க?”

“ஃபேனைப் பாத்துக்கிட்டுப் படுத்திருப்பேன்.”

“எவ்வளவு நேரம்?”

“ஆறு மணியிலேர்ந்து ஒன்பது பத்து வரைக்கும்.”

“அப்ப மனசுல என்ன ஓடும்?”

“ஒரு இறக்கை கொஞ்சம் தாழ்ந்திருக்கு, ஆளைக் கூப்பிட்டுச் சரி பண்ணணும்னு தோணும். அப்புறம், எதுக்குன்னு தோணும்.”

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். அவர் கன்னத்தில் கைவைத்து என் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, “ஐயா, உயிரோட இருக்க வேண்டாம்னு எப்பவாவது தோணியிருக்கா?” என்று கேட்டார். “இல்லவே இல்லை டாக்டர், கேட்டதுக்கு ரொம்ப நன்றி” என்றேன். வீட்டுச் சாவி வேறு யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். கீழ்வீட்டுத் தையல்காரரிடம் ஒன்று இருப்பதைச் சொன்னேன். அதோடு முடிந்தது என்று நினைத்து, சட்டையைக் கழற்றி மடித்துவைத்தேன்.

முடியவில்லை. மருத்துவர் மகளிடம் பேச, மகள் தையல்காரரிடம் பேச, இருபது நிமிடத்தில் அவர் கழுத்தில் அளவு நாடாவோடு உள்ளே வந்து நிற்கிறார். பின்னாலேயே ‘வோல்டேஜ்’ என்று எல்லோரும் கூப்பிடுகிற எலக்ட்ரீஷியன் ஏணியோடு வருகிறார். “என்னப்பா இது?” என்றால், “சும்மா சர்வீஸ்தான் பெரியவரே” என்கிறார். “ஓடிக்கிட்டிருக்கிற ஃபேனுக்கா?” என்றேன். “வெள்ளம் வந்தப்புறமா அணை போடறது?” என்று கேட்டுக்கொண்டே ஏறிவிட்டார். இரண்டு மின்விசிறியும் இறங்கின, குளியலறைத் தாழ்ப்பாளும் போயிற்று. மாத்திரை டப்பாவைத் தையல்காரர் தன் கடைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேளாவேளைக்கு அவரே எண்ணிக் கொடுக்கிறார். “ஐயா, தப்பா நினைச்சுக்காதீங்க. பாப்பா போன்ல அழுவுது, எனக்குக் கை ஓடல” என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அதற்குமேல் நான் என்ன பேசுவது?

மணிக்கொரு தரம் கீழேயிருந்து “ஐயா!” என்று குரல் கொடுப்பார். நான் “இருக்கேன்” என்று சொல்ல வேண்டும். ஒருமுறை வாயில் பல்பொடி, பதில் சொல்ல முடியவில்லை. மூன்று மூன்று படியாகத் தாண்டி வந்து கதவைத் திறந்தவர், மறுநாளே தையல் மெஷினைத் தூக்கிவந்து என் கூடத்தில் போட்டுவிட்டார். இப்போது கடையே என் வீட்டில்தான் நடக்கிறது. அவருடைய மேசை விசிறியைப் போட்டால் வெட்டிய துணி பறக்கிறதென்று அதையும் அணைத்துவைத்திருக்கிறார். வருகிறவர்கள் என் நாற்காலியில் உட்காருகிறார்கள். ஒரு அம்மா என்னைப் பார்த்து, “பட்டன் தைக்கிற பெரியவர் நீங்கதானா?” என்று கேட்டார். “இல்லம்மா, நான் நோயாளி” என்றேன். குளிக்கப் போனால், “சத்தம் வந்துக்கிட்டே இருக்கணும், பாடிக்கிட்டே குளிங்க ஐயா” என்கிறார். பாடத் தெரியாது என்றால், “அப்ப வாய்ப்பாடு சொல்லுங்க” என்கிறார். நேற்றுப் பதினாறாம் வாய்ப்பாட்டோடு குளித்து முடித்தேன். தலை துவட்டும்போது, இதையெல்லாம் கேட்டுச் சிரிக்க உங்கள் அக்கா இல்லையே என்று தோன்றியது. துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றுவிட்டேன். வெளியே இருந்து, “ஐயா, பதினேழு?” என்று குரல் வந்தது.

எல்லோருக்கும் என்னால் எவ்வளவு சிரமம் பாருங்கள். இத்தனை பேரை அலைக்கழிக்க நான் என்ன அப்படிப்பட்ட மனிதன்? என் மனதில் அப்படி ஒரு நினைப்பே கிடையாது. தூக்கம் குறைவு, பசி குறைவு, எதைத் தொட்டாலும் கை பதறுகிறது, அவ்வளவுதான். வயதானவனுக்கு இது சகஜம். ஆகவே மகளிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்: மின்விசிறிகளை மாட்ட வேண்டும், தையல் மெஷின் கீழே போக வேண்டும், மருத்துவர் இனிமேல் வேண்டாம்.

உங்கள் பிள்ளைகள் படிப்பிலும் உடம்பிலும் குறைவில்லாமல் வளர வேண்டும். என் ஆசிகள் பலிக்கும் தரத்தில் இருக்கின்றனவா என்று தெரியவில்லை. இருந்தாலும் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள அத்தான்.

பின்குறிப்பு: இதை நேற்று எழுதினேன். இன்று காலை உறையில் போடுமுன் பிழை பார்த்தேன். ‘என் மனதில் அப்படி ஒரு நினைப்பே கிடையாது’ என்ற வரி தவறு. கால அட்டவணையில் தவறென்று தெரிந்தே ஒரு நேரத்தையும் நான் அச்சுக்கு அனுப்பியதில்லை. இதை மட்டும் எப்படி அனுப்புவது?

பத்து மணிக்கு மருத்துவர் கூப்பிட்டார். தையல்காரர் போனை நிமிர்த்திவைத்துக் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். “டாக்டர், அன்னிக்கு நீங்க கேட்டதுக்கு நான் பொய் சொல்லிட்டேன்” என்றேன். மருத்துவர் திடுக்கிடவில்லை. யாரும் ஏணி தேடி ஓடவில்லை. “எத்தனை நாளா ஐயா இதைத் தனியா வச்சிருக்கீங்க?” என்று மட்டும் கேட்டார். பதினொரு மாதம் என்றேன். அதன் பிறகு ஐம்பது நிமிடம் பேசினேன். மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்று நாளைக்கு ஒருமுறை பார்ப்பதாகவும், கொஞ்ச நாளைக்குச் சொந்தக்காரர் ஒருவர் கூட இருந்தால் நல்லது என்றும் சொன்னார்.

ஆகவே மேலே கேட்ட மூன்றையும் மகளிடம் சொல்ல வேண்டாம். முடிந்தால் நீங்கள் பத்து நாள் தங்கும்படி புறப்பட்டு வாருங்கள். வீடு புழுக்கமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.