சந்தேகம் சேர் கையொப்பம் வைக்காத நாட்கள்

திருகோணமலையில் சூரியன் கடலிலிருந்துதான் எழும்புகிறது என்பதை ஊரே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஏற்றுக்கொள்ளாத ஒரே மனிதர் எங்கள் சந்தேகம் சேர். ஒருநாள் விடியற்காலையில் கடற்கரைக்குப் போய் நின்று பார்த்துவிட்டு அலுவலகத்துக்கு வந்தார். "இண்டைக்குச் சரி," என்றார். நாளைக்கு அவர் பொறுப்பில்லை.

துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் எங்கள் பல்கலைக்கழக வளாக நூலகத்தில், கணினியில் வாசிக்கும் ஆய்விதழ்களைப் பார்க்கும் மின்வளப் பிரிவு அவருடையது. அவருக்குப் பக்கத்து மேசை என்னுடையது. வீட்டில் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது. பீடாதிபதி முதல் தேநீர்க் கடைக்காரர் வரைக்கும் அவர் சந்தேகம் சேர்தான்.

மாலையில் தன் ஊரான கப்பல்துறைக்கு பஸ் ஏறும்போது கொண்டக்டரிடம் கேட்பார்: "இது கப்பல்துறையால போகுமோ?" பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பார். பிறகு சாரதியிடம். ஒருநாள் சாரதி பொறுக்கமுடியாமல் எழும்பி, "சேர், நீங்களே ஓடுங்கோ. அப்பதான் உங்களுக்கு நிம்மதி," என்றார். சேர் ஸ்டியரிங்கைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்ததாகக் கேள்வி. எங்கள் அலுவலகப் பொடியன் ஒருவனின் கலியாணத்தில், மணவறைக்கு ஏறி மாப்பிள்ளையின் காதில், "தம்பி, இது உறுதிதானே?" என்று கேட்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

அப்படிப்பட்டவரின் கையில்தான் புதிய மென்பொருள் வந்து விழுந்தது.

எந்தெந்த ஆய்விதழுக்குச் சந்தா கட்டியிருக்கிறோம், அது எதுவரைக்கும் செல்லும், மாணவர்கள் எந்த வழியால் உள்ளே போய் வாசிக்கலாம் என்பதையெல்லாம் ஒரு பழைய மென்பொருள் நிர்வகித்து வந்தது. அது மந்தமாகி, அடிக்கடி படுத்து, கடைசியில் அதை விற்ற கொம்பனியே கைவிட்டுவிட்டது. நூலகர் மிஸ் புதியதற்கு ஏற்பாடு செய்தார். பழையதில் இருந்ததெல்லாம் புதியதுக்கு மாறிவிட்டது என்று கொழும்பிலிருந்து ஒரு இளைஞன் தொலைபேசியில் சொன்னான்.

"ஆர் பாத்தது?" என்றார் சேர்.

"சிஸ்டம் பாத்தது, சேர்."

"சிஸ்டத்தை ஆர் பாத்தது?"

பிறகு எடுக்கிறேன் என்று அவன் தொலைபேசியை வைத்துவிட்டான்.

பிரிவுப் பொறுப்பாளர் சரிபார்த்துக் கையொப்பம் வைத்தால்தான் மாணவர்களுக்குத் திறக்கலாம் என்பது நிபந்தனை. சேர் ஒவ்வொரு ஆய்விதழாகத் திறந்து பார்க்கத் தொடங்கினார். திறந்ததை மூடிவிட்டு, மறுபடி திறந்தார். நாங்கள் சிரித்தோம். கிழமைகள் போகச் சிரிப்பு நின்றது. நூலகர் மிஸ் கெஞ்சினார், பிறகு கோபித்தார், பிறகு மேலிடத்துக்கு எழுதினார். பதில் வருவதற்குள் பழைய மென்பொருளின் தவணை முடிந்து, அது அணைந்துவிட்டது. புதியதோ பூட்டியபடி கிடந்தது.

"ஏன் சேர் இப்பிடிச் செய்யிறீங்கள்? எல்லாம் பத்திரமா வந்திட்டுது எண்டு சொல்லுறாங்கள்தானே," என்று கேட்டேன்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்ர அண்ணனை ஆமி பிடிச்சுக்கொண்டு போன நேரம், நான் காம்ப் வாசலில போய் நிண்டனான். ஆள் பத்திரமா இருக்கிறார், நாளைக்கு விடுவம், நீ வீட்டை போ எண்டு சொன்னவங்கள். மரியாதையாத்தான் சொன்னவங்கள். நான் நம்பி வந்திட்டன், தம்பி."

அடுத்த ஆய்விதழைத் திறந்தார். அவர்கள் சொன்ன அந்த 'நாளைக்கு' இன்னும் வரவில்லை என்பது எனக்கு விளங்கியது. அதன்பிறகு நான் அவரை அவசரப்படுத்தவில்லை.

அந்த நாட்களில்தான் சாம்பல்தீவிலிருந்து படிக்க வரும் சுகந்தி எங்கள் மேசைக்கு வந்தாள். இறுதி வருட மாணவி. கொட்டியாரக் குடாவின் நண்டுகளைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள்.

"சேர், எனக்கு வேண்டிய கட்டுரை ஒண்டும் திறக்குதில்லை. வெள்ளிக்கிழமை குடுக்கவேணும்."

"பொறுங்கோ பிள்ளை. சரிபார்த்திட்டுத் தாறன்."

மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாள் வந்து, ஒன்றும் கேட்காமல் நின்றுவிட்டுப் போனாள். வெள்ளிக்கிழமை போய்விட்டது. இனி ஆய்வேட்டை அடுத்த வருடம்தான் கொடுக்கலாம் என்று பீடத்தில் சொல்லிவிட்டார்கள்.

சேர் சரிபார்த்து முடித்தது அடுத்த கிழமை. நூலகர் மிஸ்ஸின் அறைக்குள் போய்க் கையொப்பத்தை வைத்தார்.

"எத்தினை பிழை பிடிச்சீங்கள்?" என்று மிஸ் கேட்டார்.

"ஒண்டும் இல்லை, மிஸ். எல்லாம் சரியா வந்திருக்கு."

ஒரு பிழையாவது கிடைத்திருக்கலாம் என்று எங்கள் எல்லோருக்கும் இருந்தது.

அன்று பின்னேரம், "தம்பி, சாம்பல்தீவுக்கு என்னோட வாறீரோ?" என்று கேட்டார். போனோம். சுகந்தியின் அப்பா கடலால் வந்து முற்றத்தில் வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். சுகந்தி கதிரை கொண்டுவந்து வைத்தாள். சேர் இருக்கவில்லை.

"உங்கட மகளின்ர படிப்பைப் பிந்த வைச்சது நான்தான். மிஷினில பிழை இல்லை. என்னிலதான்."

அந்த மனிதர் வலையை விடாமல் கேட்டார். பிறகு சொன்னார்: "நேர வந்து சொன்னது நல்லது. ஆனா பிள்ளைக்கு ஒரு வருசம் போனது போனதுதானே, சேர்."

திரும்பும்போது பஸ்ஸில் சேர் ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் காலை ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பீடாதிபதியின் அறை வாசலில் போட்டு இருந்துவிட்டார். ஆய்வேட்டைப் பிந்தி ஏற்கமுடியாது, விதி இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். "விதியில எங்க கிடக்கு எண்டு காட்டுங்கோ," என்றார். காட்டினார்கள். "இது பழைய விதியோ, புதுசோ?" என்றார். பீடாதிபதி முன்கதவால் வந்தால் எழும்பி வணக்கம் சொல்வார். பின்கதவால் போனால் அங்கேயும் போய் வணக்கம் சொல்வார். கடைசியில் அவரை உள்ளே கூப்பிட்டார்கள்.

"அந்தப் பிள்ளையின்ர ஆய்வேட்டை எடுக்கலாம். ஆனா இதுக்கு ஆராவது பொறுப்பு எடுக்கவேணும்," என்றார் பீடாதிபதி.

"அதுக்குத்தானே நான் வாசலில இருந்தனான்."

சுகந்தி அந்த வருடமே பட்டம் பெற்றாள். ஆனால் பெறுபேறு பிந்தியதால், கைக்கு வரவிருந்த வேலை வேறொருவருக்குப் போயிற்று. அடுத்த வேலை கிடைக்கும்வரை அவள் தகப்பனின் மீனை நிறுத்துக்கொண்டிருந்தாள். சேரிடமிருந்து மின்வளப் பிரிவை எடுத்து, பழைய பத்திரிகைகள் அடுக்கிவைத்த அறைக்கு அவரை அனுப்பினார்கள். அந்த அறையிலிருந்தே ஓய்வு பெற்றார். பிரியாவிடை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இப்போது கப்பல்துறையில் தனியாக இருக்கிறார். முழங்கால் ஏலாது, பட்டினப் பக்கம் வருவதில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போவேன். முதல்நாள் தொலைபேசியில், "சேர், நாளைக்கு வாறன்," என்று சொல்வேன். எத்தனை மணிக்கு, எந்த பஸ்ஸில், உறுதியோ என்று ஒரு கேள்வி கேட்கமாட்டார். "சரி தம்பி," என்று வைத்துவிடுவார். போய்ப் பார்த்தால் படலை திறந்திருக்கும், குசினியில் எனக்கும் சேர்த்துச் சோறு வெந்திருக்கும்.

போன மழைக்கு ரோட்டெல்லாம் வெள்ளம். பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது. மற்றவர்கள் திரும்பி நடந்தார்கள். நான் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கப்பல்துறைப் பக்கம் நடந்தேன். நாளைக்கு என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போகாமல் விட எனக்கு ஏலாது.