பீலி பூட்டிய கதையும் மங்களேஸ் இறக்காத விபரமும்

ஹவுகெட்டோ, ஒஸ்லோ
23.04.2006, ஞாயிறு

அன்பின் மச்சான் சின்னராசாவுக்கு,

தில்லைநாதன் எழுதிக்கொள்வது. நான் இங்கு சுகம். இடது விலாவில் கொஞ்சம் நோ உண்டு, அதையும் சுகத்துக்குள்ளேயே சேர்த்துக்கொள்ளும். நீரும் தங்கச்சி சிறிதேவியும் பிள்ளைகளும் ஸ்காபரோவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஏனென்றால் விஷயம் ஒரு கிழமையாகக் காத்துக்கொண்டு நிற்கிறது.

போன ஞாயிறு உமது அக்கா மங்களேஸ் கனடாவிலிருந்து இங்கே ரெலிபோன் எடுத்தபோது ஒரு நோர்வேக்காரப் பெண் எடுத்ததையும், அந்தப் பெண் மங்களேசிடமே மங்களேஸ் இறந்துவிட்டதாகச் சொன்னதையும் அவள் உமக்குச் சொல்லியிருப்பாள். அன்றிலிருந்து நான் எடுக்கும்போதெல்லாம் மகள் கம்சாயினிதான் கதைக்கிறாள். "அம்மா குளிக்கிறா அப்பா" என்கிறாள். ஏழு நாளாக ஒரு மனுசி குளித்துக்கொண்டிருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். நீர் கூடப் பிறந்தவர், நீர் சொன்னால் கேட்பாள். ஆகவே இதை இரண்டு தரம் வாசித்து, உமக்கு விளங்கின பிறகு, ஆறுதலாக அவளுக்கு எடுத்துச் சொல்லும். எல்லாவற்றுக்கும் காரணம் பீலி. கூரையிலிருந்து விழும் தண்ணீரை ஏந்துகிற அந்தத் தகரப் பீலியைத்தான் சொல்கிறேன்.

எங்கள் வீடு சரிவில் இருப்பது உமக்கு ஞாபகம் இருக்கும். நீர் வந்த வருடம் காரை மேலே விட்டுவிட்டுப் படியில் இறங்கி வந்தீர். எங்களுக்குக் கீழே இன்னொரு வீடு. அதன் புகைபோக்கியும் எங்கள் குசினி யன்னலும் ஒரே உயரம். அந்த வீட்டில் இருப்பவர் பொர்ஹில்ட், எழுபத்துநாலு வயது, முன்பு ட்ராம் ஓட்டியவர், புருஷன் இல்லை. பதினொரு வருடமாக நான் அவரின் புகையைப் பார்த்தேன், அவர் கீழிருந்து என் கால்களைப் பார்த்தார். நேரே கண்டால் "ஹெய்" என்பேன், அவரும் "ஹெய்" என்பார். அவ்வளவுதான் பழக்கம்.

மங்களேஸ் கனடாவுக்குப் போனது போன வருடம் மாசி மாதம். மகளின் பிள்ளைப்பேற்றுக்கு, மூன்று மாதம் என்று போனாள். பிறகு பேரனுக்குப் பல் முளைக்கட்டும் என்றாள். முளைத்தது. நடக்கட்டும் என்றாள். இப்போது ஓடுகிறானாம். ஒவ்வொரு ஞாயிறும் "நீங்கள் இஞ்சை வாங்கோவன்" என்று அவள், "வீட்டை ஆர் பாக்கிறது?" என்று நான். இதற்குமேல் நாங்கள் இருவரும் ஒன்றும் கதைத்ததில்லை.

அவள் போன புதிதில் பொர்ஹில்ட் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "உம்முடைய மனுசியைக் கனநாளாய்க் காணேல்லை" என்றார். பதினொரு வருடத்தில் "ஹெய்" என்பதைத் தாண்டி வந்த முதல் வசனம். நான் பதற்றத்தில், போய்விட்டாள் என்று நோர்வே மொழியில் சொன்னேன். நான் சொன்ன சொல் "கொத் பொர்த்". பயணம் போனவர்களுக்கு "ரெய்ஸ்ட் பொர்த்" என்று சொல்லவேண்டுமாம். "கொத் பொர்த்" என்றால் இந்த நாட்டில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் போவார்களாம். பத்தொன்பது வருடம் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்தும் இந்த வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அங்கே விரிப்புகளோடுதான் எனக்குக் கதை. பொர்ஹில்ட் வேலிக்கு மேலால் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். கனடாப் பயணத்தை இந்த மனிதர்கள் எவ்வளவு பெரிதாக எடுக்கிறார்கள் என்று நான் வியந்தேன்.

அதன்பிறகு இந்த மலையில் எனக்கு மரியாதை கூடியது. பேப்பர் போடுகிறவர் தொப்பியைத் தொட்டார். ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடைப்பெண் மிச்சக் காசு தரும்போது தலையைச் சாய்த்துப் பார்த்தாள். நத்தார்ப் பண்டிகைக்கு என் வாசற்படியில் யாரோ ஒரு பெரிய வெள்ளை மெழுகுதிரி வைத்திருந்தார்கள், காற்றுக்கு அணையாதது. நல்ல சனம் என்று நினைத்து ஒவ்வொரு பின்னேரமும் கொளுத்தி வைத்தேன். ரெலிபோனில் மங்களேசுக்கும் சொன்னேன், அவளுக்கும் சந்தோஷம். அது இங்கே கல்லறையில் வைக்கிற மெழுகுதிரி என்பது பிறகுதான் தெரியும்.

இனிப் பீலிக்கு வருகிறேன். போன புரட்டாதியில் பழைய பீலி துருவேறி உக்கி விழுந்தது. கூரைக்காரருக்குச் சொன்னேன், வருகிறோம் என்றார்கள், இன்றுவரை வந்துகொண்டிருக்கிறார்கள். வீட்டில் எனக்கு வேறு வேலையும் இல்லை. உமக்குச் சொன்னால் என்ன, ரெலிபோனில் நேரம் சொல்கிற இலக்கத்துக்கு எடுத்து, அந்தப் பெண் குரல் நேரம் சொல்லி முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டு வைக்கிற நிலைமைக்கு வந்திருந்தேன். பதிவு செய்த குரல்தான், தெரியும். ஆனாலும் சொல்லாமல் வைக்க மனம் வரவில்லை. ஆகவே நானே பூட்டுவோம் என்று கறுப்புப் பீலியும் அதைத் தாங்குகிற கொளுக்கிகளும் வாங்கி வந்தேன். ஒரு துளியும் தவறக்கூடாது என்று ஓட்டு விளிம்போடு ஒட்ட, எவ்வளவு உயர்த்தலாமோ அவ்வளவு உயர்த்திப் பூட்டினேன். இரண்டு கைமரத்தை விட்டு மூன்றாவதில் ஒரு கொளுக்கி. கீழே நின்று பார்த்தால் கண்ணுக்கு மை வைத்ததுபோல் அழகாக இருந்தது. படம் எடுத்துக் கம்சாயினிக்கும் அனுப்பினேன். "சுப்பர் அப்பா" என்று பதில் வந்தது.

கார்த்திகை மழையில் முதல் பிழை தெரிந்திருக்கவேண்டும். சரிவைக் குழாய்ப் பக்கம் கொடுப்பதற்குப் பதிலாக மற்றப் பக்கம் கொடுத்திருக்கிறேன். என் கூரைத் தண்ணீர் முழுவதும் பீலியின் நுனியால் பாய்ந்து, சரிவால் இறங்கி, பொர்ஹில்டின் நிலவறைக்குள் போயிருக்கிறது. உருளைக்கிழங்கு மிதந்ததாம். எனக்குத் தெரியாது. அவரும் வந்து சொல்லவில்லை.

இரண்டாவது பிழையைப் பனி காட்டியது. இந்த முறை மாசி, பங்குனி என்று விடாமல் கொட்டியது. எங்கள் கூரையின் சரிவு உமக்குத் தெரியும், பூனையும் நிற்காது. பங்குனி வெயில் பட்டதும் பனி வழுக்கத் தொடங்கி, என் பீலியின் உதட்டில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. நாலு நாள் நின்றது. பீலி தாங்குகிறதே என்று எனக்குப் பெருமை. பங்குனி பதினோராம் திகதி, சனி மத்தியானம், கீழே போய் நின்று தும்புத்தடியால் பீலியில் தொங்கிய பனிக்கட்டியைத் தட்டினேன். முதலில் ஒரு முறிவுச் சத்தம் கேட்டது. பிறகு கூரையிலிருந்த அவ்வளவும், பீலியும் கொளுக்கிகளும் உட்பட, என்மேல் வந்தது.

மூச்சு இருந்தது. நெஞ்சுவரை புதைந்திருந்தேன், கை இரண்டும் வெளியே. சீமெந்து மாதிரி இறுகிவிட்டது. கீழே பொர்ஹில்ட் தன் படியில் பனி வழித்துக்கொண்டு நின்றார். உதவி என்று கத்தவேண்டும். ஆனால் மச்சான், இருபது வருடம் ஒரு நாட்டில் இருந்தும் அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. வெட்கமாக இருந்தது. வாயில் வந்தது "ஹெய்" தான். இரண்டு கையையும் உயர்த்தி, பெலத்த குரலில் "ஹெய்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, கையை உயர்த்தி, "ஹெய்" என்றார். திரும்ப வழிக்கத் தொடங்கினார். நான் இன்னொருதரம் சொன்னேன். அவரும் இன்னொருதரம் சொன்னார், இந்த முறை சிரித்துக்கொண்டு. பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

அந்தக் கால்மணி நேரம் நான் யாரை நினைத்தேன் என்று உமக்கு எழுதத் தேவையில்லை. கால் விறைத்துப்போய், பிறகு கால் இருப்பதே தெரியவில்லை. இப்படியே இருந்தால் என்னைத் தேடுவது எப்போது என்று கணக்குப் பார்த்தேன். நாளைக்கு, ஞாயிறு மூன்று மணிக்கு, மங்களேஸ் எடுக்கும்போது.

கதவு திறந்தது. பொர்ஹில்ட் சப்பாத்தும் சரியாகப் போடாமல், பனி வழித்த சவளோடு ஏறி வந்தார். பிறகுதான் சொன்னார், கோப்பி ஊற்றும்போது யோசனை வந்ததாம்: "எப்பவும் உம்முடைய காலைத்தானே பாக்கிறனான். இண்டைக்குக் கால் இருக்கிற இடத்திலை தலை இருந்தது." எழுபத்துநாலு வயது மனுசி அரைமணி நேரம் என்னைத் தோண்டினார்.

அவருடைய குசினியில் என் காலுறை காய்ந்துகொண்டிருந்தபோதுதான் நிலவறைத் தண்ணீரின் கதை வெளியே வந்தது. "ஏன் அப்பவே வந்து சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"மனுசி செத்த துக்கத்திலை இருக்கிற ஆளிட்டைப் பீலியைப் பற்றிக் கதைக்கிறதே எண்டு விட்டிட்டன்" என்றார்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது, தொப்பி, தலைச்சாய்வு, மெழுகுதிரி. உடனே சொல்லியிருக்கவேண்டும். உமது அக்காவுக்கு நான் செய்த குற்றம் இது ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோப்பி சுடச்சுட இருந்தது. பதின்மூன்று மாதத்தில் இன்னொருவர் வீட்டில் இருந்து நான் குடித்த முதல் கோப்பி. திருத்தினால் எழும்பிப் போகவேண்டி வருமோ என்று பயந்தேன். "அவவின்ர பேர் என்ன?" என்று கேட்டார். சொன்னேன். அவர் மங்-க-லே-ஸ் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். இந்த மலையில் அந்தப் பெயரை என்னைத் தவிர வேறு ஒருவர் சொல்லிக் கேட்டு எவ்வளவு காலம். நான் திருத்தாமல் கோப்பியைக் குடித்தேன்.

அதன்பிறகு செவ்வாய்க்கிழமைகளில் அங்கே கோப்பி. மங்களேஸ் என்ன சமைப்பாள், எப்படிச் சண்டை பிடிப்பாள் என்று கேட்பார், நான் சொல்லுவேன். நல்லதாகத்தான் சொன்னேன் மச்சான், இதை அவளுக்குக் கட்டாயம் சொல்லும்.

ஈஸ்டர் ஞாயிறு இருவருமாகப் பீலியைத் திரும்பப் பூட்டினோம். பொர்ஹில்ட் ஒரு நீட்டு மரச் சலாகையைக் கூரையோடு படுக்கவைத்து வெளியே நீட்டச் சொன்னார். பீலியின் உதடு அதற்கு இரண்டு விரல் கீழே நிற்கவேண்டுமாம். அப்போதுதான் பனி பீலியை முட்டாமல் மேலால் பாய்ந்துவிடும், தண்ணீர் மட்டும் உள்ளே விழும். இந்த முறை ஒவ்வொரு கைமரத்துக்கும் ஒரு கொளுக்கி. சரிவு குழாய்ப் பக்கம். தண்ணீர் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு நான் ஒரு வாளியோடு ஏணியில் நின்றேன். மூன்று மணி. உள்ளே ரெலிபோன் அடித்தது. நான் இறங்கமுன் பொர்ஹில்ட் குசினிக்குள் போய் எடுத்துவிட்டார்.

யன்னலால் எனக்கு எல்லாம் கேட்டது. "அவர் ஏணியிலை நிக்கிறார். நீங்கள் ஆர் கதைக்கிறது?" பதிலைக் கேட்டபிறகு: "இல்லை, அப்பிடி இருக்கேலாது. அவருடைய மனுசி செத்து ஒரு வருசத்துக்கு மேலை." பிறகு வெளியே வந்து, ரெலிபோனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வெளிறிப்போய் ஏணிக்குக் கீழே நின்றார். "ஒரு பொம்பிளை கதைக்கிறா. நல்லா எங்கடை மொழி நோர்ஷ்க் கதைக்கிறா. தான் மங்களேஸ் எண்டு சொல்லுறா" என்றார். நான் வாளியை விட்டுவிட்டு இறங்கினேன். ரெலிபோனை வாங்கும்போது அந்தப் பக்கம் வைத்தாயிற்று.

எல்லாவற்றையும் பொர்ஹில்டுக்குச் சொன்னேன். "கொத் பொர்த்" என்பதற்கு என்ன கருத்து என்று அன்றுதான் அவர் விளக்கினார். முதலில் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஏணியின் கடைசிப் படியில் குந்திக்கொண்டார்.

"அப்ப அவ உயிரோடை இருக்கிறா."

"ஓம்."

"சுகமாய் இருக்கிறா."

"ஓம்."

"அப்ப நீர் ஏன் இஞ்சை இருக்கிறீர்?"

நான் பீலியைக் காட்டினேன். அவர் அண்ணாந்து பார்த்தார். "பீலி இப்ப சரி" என்றார். சலாகையை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்கு இறங்கிப் போய்விட்டார்.

இதுதான் மச்சான் நடந்தது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. மங்களேசுக்குச் சொல்லும், நான் அவளை வரச்சொல்லிக் கேட்கவில்லை. பேரன் பள்ளிக்கூடம் போகும்வரை நின்றாலும் நிற்கட்டும். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. வீட்டை விட்டு நானும் அசையமுடியாது, அதுவும் பனி கொட்டுகிற இன்னொரு நாட்டுக்கு வந்து இன்னொரு கூரையைப் பார்க்க என்னால் ஏலாது. இந்தப் பிறவியில் கனடாப் பயணம் எனக்கு இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிடும்.

தங்கச்சிக்கு என் அன்பு, பிள்ளைகள் படிப்பிலும் உடம்பிலும் வாழையடி வாழையாக வளர என் ஆசீர்வாதம். பேரனின் கன்னத்தில் எனக்காக ஒன்று கிள்ளும், மெதுவாக.

இப்படிக்கு,
உமது மச்சான்
வே. தில்லைநாதன்

பி.கு.: மேலே எழுதினதை வெட்டினால் கடைசிப் பக்கம் முழுக்கத் திரும்ப எழுதவேணும், அதாலை அது அப்படியே கிடக்கட்டும். மே 12, வெள்ளி, பின்னேரம் ஐந்து மணிக்கு ரொறன்ரோவில் வந்து இறங்குகிறேன். ரிக்கற் வியாழனே எடுத்தாச்சு. நீர் மட்டும் விமான நிலையத்துக்கு வந்தால் போதும். மங்களேசின் பனிக்காலத்துக் கோட்டு இஞ்சை கதவுக்குப் பின்னாலை தொங்குது. அதைக் கொண்டுவரட்டோ, இஞ்சையே இருக்கட்டோ எண்டு அவளிட்டைக் கேட்டு எனக்கு ரெலிபோனிலை சொல்லும். ஏன் கேக்கிறார் எண்டு கேட்டால், பெட்டியிலை இடம் காணாதாம் எண்டு சொல்லும்.