மாடி ஏறாத லேன் பாவா

திருத்தணிக்கு வருகிறவர்கள் எல்லோரும் படி ஏறத்தான் வருகிறார்கள். அந்த ஊரிலேயே இருந்துகொண்டு, வாழ்நாளில் எந்தப் படியும் ஏறுவதில்லை என்று தீர்மானித்திருந்த ஒரே மனிதர் லேன் பாவாதான்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், ஊருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் நான் எழுத்தர். பாவா கணினிகளைப் பராமரித்தவர். வாட்ச்மேன் முதல் முதல்வர் வரை எல்லோரையும், மச்சானைக் கூப்பிடுவதுபோல ‘பாவா’ என்றே கூப்பிடுவார். முதல்வர் ஆரம்பத்தில் முறைத்தார். பிறகு தன்னை அறியாமல், “இன்னா பாவா?” என்று கேட்கத் தொடங்கினார்.

கல்லூரியின் சர்வர் மூன்றாம் மாடியில். பாவாவின் நாற்காலி தரைத்தளத்தில். சர்வர் படுத்துவிட்டால் மேலே போய் அதன் திரையைப் பார்த்தாக வேண்டும். அதற்குச் சோம்பல்பட்ட பாவா, தாளாளரை நச்சரித்து ஒரு பெட்டி வாங்கவைத்தார். அதைச் சர்வரோடு சேர்த்து, கட்டடத்துக்குள் கணினிகளை இணைத்து ஓடும் லேன் கம்பியில் செருகிவிட்டால், மேலே தெரியும் திரை அப்படியே கீழே தெரியும். இங்கே தட்டினால் அங்கே எழுத்து விழும். அன்றிலிருந்து அவர் ‘லேன் பாவா’.

“கிட்ட போயி தொட்டுப் பாக்கறவன் மெக்கானிக்கு. நான் டாக்டரு பாவா” என்பார்.

தாளாளரோ, வந்தவர்களிடமெல்லாம், “சேட்டிலைட் மூலமா நடக்குது” என்று பெருமையடிப்பார். கம்பி அவர் காலுக்கடியில்தான் போய்க்கொண்டிருக்கும்.

ஒரு மத்தியானம் அந்தத் திரையில் எழுத்துகள் தானாக ஓடின. ஒரே எழுத்து, வரிவரியாக. வைரஸ்தான் என்று பயந்து, தாளாளர் பூசணிக்காய் உடைக்கச் சொன்னார். உடைத்தார்கள். மறுநாளும் ஓடியது.

பாவா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். “வைரஸ் இல்ல பாவா. மேனேஜர் தூங்கிகினு கீறாரு.”

கல்லூரியிலேயே ஏசி ஒழுங்காக ஓடியது சர்வர் அறையில்தான். மத்தியானம் சாப்பிட்டதும் எங்கள் அலுவலக மேனேஜர் அங்கே போய் கீபோர்டின் மேல் தலைவைத்துவிடுவார். ‘உட்கார்ந்த இடத்திலேயே சம்பளம் வாங்குகிறவன்’ என்று பாவாவை எல்லோரிடமும் தூற்றியவரும் அவரேதான். ஆனாலும் பாவா தாளாளரிடம் மூச்சுவிடவில்லை. எங்களுக்கு மட்டும் நேர்முக வர்ணனை உண்டு: “ஆங், பொரண்டு படுத்துட்டாரு. எழுத்து மாறிச்சி பாரு.”

ஒரு நாள் எழுத்து மாறவே இல்லை. நாங்கள் சிரித்தோம். பாவா சிரிக்கவில்லை.

“மனுசன் இவ்ளோ நேரம் பொரளாம படுக்க மாட்டாரு.”

சர்வர் அறைக்குப் போன் அடித்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அடுத்த கணம் நாற்காலி காலி. நாங்கள் மூச்சிரைக்க மூன்றாம் மாடியை எட்டியபோது, மேனேஜரின் தலையை மடியில் ஏந்தி, கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தார் பாவா. செருப்பு இரண்டும் வழியில் எங்கேயோ.

தாளாளரின் காரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு அன்று சாப்பிடாமலே படுத்ததில், சர்க்கரை இறங்கிய மயக்கம். இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். சாயங்காலத்துக்குள் ஆபத்து நீங்கியது. மேனேஜரின் மகன் மணவூரிலிருந்து கிளம்பிவிட்டதாகச் செய்தி வந்தது.

“அதான் பையன் வரானே. நீங்க வீட்டுக்குப் போங்க பாவா” என்றேன்.

பாவா கட்டிலருகிலிருந்து அசையவில்லை. மேனேஜரின் மூக்குக்கண்ணாடியைத் தன் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“முழிச்சிகினா மொதல்ல இதத்தான் தேடுவாரு. இது இல்லன்னா யார் மூஞ்சியும் தெரியாது அவுருக்கு.”

நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.