சூப்பில் கிடைத்த வெள்ளிக் கம்பி

ஜொகூர் பாருவில் ஆட்டுக்காலை நம்பி வாங்க முடியாமல் போனதற்கு இந்த உலகத்தில் ஒரே ஆள்தான் காரணம்: ஆஸ்பத்திரியில் இருந்த மாவுக்கட்டு டாக்டர். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது.

எலும்பு வைத்தியம் பழக வரும் இளம் டாக்டர்களுக்கு அவர் கசாப்புக் கடையில் ஆட்டுக்கால் வாங்கி, உடைத்துக் கொடுப்பார். அவர்கள் துளை போட்டு, கம்பி கட்டிச் சேர்க்க வேண்டும். பிறகு தூக்கி எறிய வேண்டியதுதானே? வீணாக்கக் கூடாதாம், கடைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை சூப்பு குடித்த என் கணவரின் பல்லில் வெள்ளிக் கம்பி சிக்கியது. அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் சண்டைக்குப் போனேன். மனிதர் மன்னிப்பா கேட்டார்? முகமெல்லாம் மலர்ந்து, "எவ்வளவு நேரம் கொதிச்சதும்மா? அப்பவும் கட்டு கழலலையா?" என்றார். பக்கத்தில் நின்ற இளம் டாக்டரின் முதுகில் ஓங்கித் தட்டினார். "நீ பாஸுடா!"

அடுத்த மாதமே என் நான்கு வயது மகனைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடினேன். ஊஞ்சலிலிருந்து விழுந்து முன்கை வளைந்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இருந்தேனா? இன்றும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்தார்கள். மாவுக்கட்டு டாக்டரோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பாஸான அந்த இளைஞரிடம், "நீ இழுத்து நேராக்கு" என்றார்.

"ஐயா, கை நடுங்குது."

"நடுங்கட்டும். பயமில்லாதவன்கிட்ட நான் புள்ளையக் குடுக்க மாட்டேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அலமாக்! என் புள்ள என்ன ஆட்டுக்காலா? நீங்க செய்யுங்க டாக்டர்!"

"நான் ஒருத்தன்தாம்மா. நாளைக்கு நான் லாயாங் லாயாங் ஊருக்குப் போயிருக்கும்போது இவன் விழுந்தா, யாரைத் தேடுவீங்க?"

"நாளைக்கு எதுக்கு விழறான்? வாயைக் கழுவுங்க!"

இளைஞர் இழுத்தார்; எனக்கு வலித்தது. கட்டுப் போட்டதும், "எலும்பு நேரா சேர்ந்திருக்கு. விரல் மட்டும் மரத்துப் போகாம இருக்கணும்" என்றார் பெரியவர். இதை முன்பே சொன்னால் என்ன? சிங்கப்பூருக்கே கொண்டுபோயிருக்க வேண்டுமோ என்று வீடு திரும்பும் வழியெல்லாம் பொருமினேன்.

சாயங்காலம் அவரே வாசலில் நின்றார். மகனின் விரல் நுனிகளை ஒவ்வொன்றாக அழுத்தி, சிவப்பு திரும்புகிறதா என்று பார்த்தார். "மடக்கு ராஜா." மடக்கினான். மறுநாள் காலையிலும் வந்தார். மதியமும் வந்தார்.

"நாங்க கூப்பிடலையே?" என்றேன் வெடுக்கென்று.

"சும்மா இந்தப் பக்கமாப் போனேன்மா."

எங்கள் வீட்டைத் தாண்டினால் கடல்தான். வேறு வழியே கிடையாது.

நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, காப்பி கலக்க உள்ளே போனேன்.